மன்றோலப்பா

துங்கபத்திரைக் கரையிலுள்ள மந்த்ராலயத்திற்குச் சென்று வருவோர் மன்றோ துரையின் கதையைக் கேளாமல் திரும்புவது அரிது. மடத்தின் மானிய நிலத்தைக் குறித்து விசாரிக்க வந்த அவ்வெள்ளைக்காரக் கலெக்டர், தொப்பியையும் காலணியையும் கழற்றிவிட்டுப் பிருந்தாவனத்தின் முன் நின்றார். 1671-இல் பிருந்தாவனப் பிரவேசம் செய்த ஸ்ரீராகவேந்திரரோடு உரையாடினார். உடன் வந்தவர் கண்களுக்கோ எவரும் தென்படவில்லை. மந்த்ராட்சதை பெற்று, நிலம் மடத்துக்கே உரியது என எழுதினார். இவ்வாறு அடியார்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

தாமஸ் மன்றோ கிளாஸ்கோ நகரில் 1761-இல் பிறந்தவர். 1780-இல் காலாட்படையில் சேர்ந்து சென்னைக்கு வந்து, ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோருடன் நடந்த போர்களில் பங்குகொண்டார். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலில் ஏழாண்டுகள் வரி நிர்வாகம் கற்றார். மராத்தியப் போரில் 1818-இல் பாதாமிக் கோட்டையைக் கைப்பற்றியவரும் அவரே. மறு ஆண்டு ‘சர்’ பட்டம் கிடைத்தது.

ஆயினும் குடிகள் அவரை நினைத்தது போர்த்திறத்தினால் அன்று. 1800-இல் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பைப் பகுதிகளுக்கு அவர் கலெக்டரானார். மந்த்ராலயமும் அவ்வெல்லைக்குள் அடங்கியதே. ஆண்டின் பெரும்பகுதியைக் கூடாரத்தில் கழித்து, ஊர் ஊராக நிலத்தை அளந்து தீர்வை விதித்தார். விதித்தவரே அது அதிகம் என்று உணர்ந்தார். நான்கில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டுமென்று 1807-இல் மேலிடத்திற்கு எழுதினார், மேலிடம் இசையவில்லை. தம் கையால் ஏற்றிய சுமையைத் தாமே இறக்க முடியாமல் அவர் சீமைக்குக் கப்பலேறினார். 1820-இல் சென்னைக் கவர்னராக வந்த பிறகே அக்குறைப்பு நடந்தேறியது. அதற்குள் குடிகள் பட்ட துன்பம் சிறிதன்று; அதனை மறைத்து அவரைப் புகழ்தல் முறையாகாது.

1827-இல் பதவியை விட்டு ஊர் திரும்ப ஆயத்தமாயிருந்தார். மனைவியும் மகனும் முன்னரே சென்றுவிட்டனர். பழைய குடிகளை ஒருமுறை கண்டு விடைபெற எண்ணிக் கடும் கோடையில் புறப்பட்டார். வழியில் வாந்திபேதி கண்டு, ஜூலை 6-ஆம் நாள் பத்திகொண்டாவில் உயிர் நீத்தார். கூத்தியில் அடக்கம் செய்த உடலைப் பின்னர்ச் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்திற்குக் கொண்டுவந்தனர். பத்திகொண்டாவில் அவர் நினைவாகக் கிணறு வெட்டித் தோப்பும் வைத்தனர்.

அப்பக்கத்துக் குடியானவர் பலர், தம் ஆண் குழந்தைகளுக்கு மன்றோலப்பா என்றே பெயரிட்டு அழைத்தனர்.