கால் கிலோ இறால், ஒரு சுரைக்காய்

எங்கள் குடியிருப்பில் மீன் வாசனை எழுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாள் மாலைகளில் மாடிப்படி ஏறினால் சாம்பார், ரசம், இல்லையென்றால் பைக்கில் வந்து இறங்கும் பிரியாணிப் பொட்டலம். கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "வேலைநாள்ல மீனெல்லாம் யாரு சார் செய்யறது?" செவ்வாய், வெள்ளி, சனியில் பல வீடுகளில் கவிச்சி கிடையாது, சரி. புரட்டாசியையும் கழித்துவிடுவோம். திங்களும் புதனும் வியாழனும் என்ன பாவம் செய்தன?

நான் நாகப்பட்டினத்துக்காரன். சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மனைவி வேலை முடிந்து வர எட்டு மணியாகும் என்பதால் இரவுச் சமையல் என் பொறுப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன், அடுப்பில் இறாலைவிடச் சீக்கிரம் முடிகிற வேலை குறைவு. துவரம்பருப்பு குழையும் நேரத்துக்குள் அது தட்டுக்கு வந்துவிடும். மீன் ஞாயிற்றுக்கிழமைப் பண்டமாகப் போனதற்கு நேரம் காரணமே அல்ல. மீன் என்றால் ஒரு கிலோவாவது வாங்க வேண்டும், பாதி குழம்பு, பாதி வறுவல், அப்போதுதான் சாப்பாடு என்று மனதில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. அந்தக் கணக்குதான் தப்பு.

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் மீனும் காயும் ஒரே சட்டியில் வேகும். நெத்திலிக்கு மாங்காய், கருவாட்டுக்குக் கத்தரிக்காய், இறாலுக்கு முருங்கைக்காயோ வாழைக்காயோ சுரைக்காயோ. கையில் காசு குறைந்த நாளில் கால் கிலோ இறாலை ஐந்து பேருக்கு நீட்டச் செய்த ஏற்பாடு அது என்பது உண்மைதான். ஆனால் ருசியும் அதில்தான் இருக்கிறது. சுரைக்காய்க்கென்று பெரிய சுவை கிடையாது. இறால் விடுகிற சாற்றையெல்லாம் அது குடித்துக்கொள்ளும். காயை முதலில் பொறுக்கித் தின்றுவிட்டு இறாலைக் கடைசிக்கு வைக்கிறவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. ஹோட்டல்களில் கிடைக்கும் இறால் தொக்கில் இந்தச் சுகம் இல்லை. எண்ணெயும் இஞ்சி பூண்டு விழுதும் மேலே நிற்க, அடியில் இருப்பது இறாலா கோழியா என்றே தெரியாது.

செய்முறை பெரிய வித்தை இல்லை. பிஞ்சுச் சுரைக்காயாகப் பார்த்து வாங்கி, தோல் சீவி, ஒரு துண்டை முதலில் வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். கசப்புச் சுரைக்காய் நஞ்சு, வேக வைத்தாலும் போகாது. நல்ல காயென்றால் விரல் தடிமனுக்கு நறுக்கிக்கொள்ளலாம். இறாலின் தலையை வீசிவிடாமல் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ருசியில் பாதி அந்தத் தண்ணீரில் இருக்கிறது. சட்டியில் நல்லெண்ணெய், சோம்பு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு தக்காளி. பிறகு மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள். இஞ்சி பூண்டு விழுது வேண்டாம், நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டால் போதும். காயைப் போட்டுப் பிரட்டி, தலைத் தண்ணீரை ஊற்றி, உப்பிட்டு மூடுங்கள். சுரைக்காய் தானே நீர் விடும், மேற்கொண்டு ஊற்றினால் சளசளத்துப் போகும்.

காய் முக்கால்வாசி வெந்து கண்ணாடி மாதிரி ஆனபிறகுதான் இறால் உள்ளே போக வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இறாலை முதலில் வதக்கி, காயோடு சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். அப்புறம் "இறால் ரப்பரா இருக்கு, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்பார்கள். கடைக்காரர் என்ன செய்வார்? இறாலுக்கு மூன்று, நான்கு நிமிடம்தான். நிறம் சிவந்து பிறை மாதிரி வளைந்தால் பதம். வாலும் தலைப்பக்கமும் ஒட்டி வளையமாகிவிட்டால் கைமீறிவிட்டது. அரைத்த தேங்காய் இரண்டு கரண்டி சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். (கணவாய் இன்னும் கறார்ப் பேர்வழி. இரண்டு மூன்று நிமிடத்தில் எடுங்கள், இல்லையென்றால் முக்கால் மணி நேரம் வேக விடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் அதோடு மல்லுக்கட்ட முடியாது.)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வரத்து குறைந்து விலை ஏறும். ஒரு கிலோக்காரர்கள் அப்போது மீன் கடைப் பக்கமே வரமாட்டார்கள். கால் கிலோக்காரனுக்குக் கவலை இல்லை. நாட்டுப்படகில் வரும் நெத்திலியும் சாளையும் இருக்கவே இருக்கின்றன. குளத்தில் வளரும் வனாமி இறாலும் ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது. கடல் இறாலின் இனிப்பு வனாமிக்கு வராது என்பது என் கட்சி, ஆனாலும் சுரைக்காயோடு சேர்ந்தால் அதுவும் தேறிவிடும்.

இனி, "பத்தே நிமிடத்தில்" என்று தலைப்பிட்டு வருகிற வீடியோக்களைப் பற்றி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்! அங்கே இறால் தோல் உரித்து, முதுகு நரம்பெடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் தயாராக உட்கார்ந்திருக்கும். உரித்த கையைக் காட்டமாட்டார்கள். கால் கிலோ சின்ன இறாலை நீங்களே உட்கார்ந்து ஆய்ந்து பாருங்கள், அரை மணி நேரம் ஓடிவிடும். தலைமுள் வேறு விரலைப் பதம் பார்க்கும். காலை நடைக்குப் போகும்போது நொச்சிக்குப்பத்தில் நான் இறால் வாங்கினால் ஆய்ந்து தருவது அங்கே அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மா. "தலை வோணுமா சார்?" என்பார். "குடுத்துடுங்கக்கா, கருத்தது மட்டும் வேணாம்" என்பேன். தலை கருத்திருந்தால் இறால் பழசு. அதை அவரே ஒதுக்கிவிடுவார். பேச்சு முடிவதற்குள் இறால் பைக்குள் இருக்கும். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மாலையில் அடுப்பு வேலை மட்டும்தான் மிச்சம்.

என் இருபது நிமிடச் சமையல் அந்த அம்மாவின் கையில் தொடங்குகிறது. ஆனால் மீனுக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, ஆய்கிற கூலியில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறவர்களை அங்கே தினமும் பார்க்கிறேன். வருகிற புதன்கிழமை கால் கிலோ இறாலும் ஒரு சுரைக்காயும் வாங்குங்கள். பேரம் பேசித்தான் ஆக வேண்டுமென்றால் சுரைக்காயில் பேசுங்கள், ஆய்கிற கூலியில் வேண்டாம்.