ஒட்டுக்கேட்கும் கம்பிகள்

வலிப்பு வந்தவரின் இ.இ.ஜி. அறிக்கையில் 'நார்மல்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டால் குடும்பத்துக்கு நிம்மதி. 'ஒன்றுமில்லையாம்' என்று உறவினர்களிடம் சொல்லிவிட்டு மாத்திரையையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டமே 1999 வரை இடம் கொடுத்திருந்த நாட்டில் இந்த அவசரம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் அந்தக் காகிதம் சொல்வது மிகக் குறைவு. பதிவு நடந்த அரை மணி நேரத்தில் தலைத்தோலை எட்டும் அளவுக்கு எதுவும் நிகழவில்லை, அவ்வளவே. வலிப்பு நோய் இருப்பது உறுதியானவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் பதிவில் அதன் தடயம் சிக்குவதில்லை.

குறுக்கே நிற்பது மண்டையோடு. ஜெர்மனியின் யெனா நகரில் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர், அதற்கு மண்டையோட்டில் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்த நோயாளியைத்தான் நாடினார். எலும்பையும் தோலையும் தாண்டி வருவதற்குள் மின்னலை வலுவிழந்து, அக்கம்பக்கத்து அலைகளோடு கலந்து மங்கிவிடுகிறது. கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிற்பவருக்கு நாதஸ்வரம் கேட்கும். பந்தியில் இருவர் கிசுகிசுப்பது கேட்காது. மூளையின் மேற்பரப்பில் சுமார் 10 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு சிறப்புத் தபால்தலை அளவுள்ள பகுதி ஒரே நேரத்தில் கிளர்ந்தெழுந்தால்தான் தலைக்கு வெளியே தெளிவாகத் தெரியும். தோல் மீதும் மூளைக்குள்ளும் ஒரே சமயத்தில் பதிவு செய்து ஒப்பிட்டபோது தெரியவந்த கணக்கு இது.

மருந்துக்கு அடங்காத வலிப்பு, நோயாளிகளில் மூவரில் ஒருவருக்கு உண்டு. இவர்களில் தகுதியானவர்களுக்கு, வலிப்பு பிறக்கும் இடத்தை வெட்டியெடுப்பது ஒரு வழி. இங்கேதான் மின்முனையை எங்கே வைப்பது என்பது வாழ்க்கைப் பிரச்னையாகிறது. பொட்டுப் பகுதிக்கு உள்ளே, ஆழத்தில் சுருண்டிருக்கும் ஹிப்போகேம்பஸில் வலிப்பு தொடங்கினால் பல வினாடிகள் கழித்து, அது பரவிய பிறகே தோல் மீதுள்ள கம்பிகளுக்குச் செய்தி கிடைக்கும். இன்னும் மோசம், சில நோயாளிகளுக்கு ஹிப்போகேம்பஸ் அடியோடு சுருங்கிப்போயிருக்கும். அங்கே பிறந்த வலிப்பு அந்தப் பக்கத்தில் அடையாளம் காட்டாமல் எதிர்ப்பக்கத்துக்குத் தாவி, அங்கே முதன்முதலாக வெளியே தெரியும். இப்படிப்பட்ட சிலரைப் பற்றிய ஆய்வு 2004இல் வெளியாயிற்று. தோல்பதிவை மட்டும் நம்பினால் அறுவை மருத்துவரின் கத்தி ஆரோக்கியமான பக்கத்துக்குப் போகும்.

உள்ளே போய்க் கேட்டால் என்ன? கனடாவின் மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டும் ஹெர்பர்ட் ஜாஸ்பரும் திறந்த மூளையின் மீதே மின்முனைகளை வைத்துப் பார்த்தார்கள். (பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியவர்.) பாரிஸில் ஜான் தலைராக்கும் ஜான் பான்கோவும் 1950களின் இறுதியில் வேறு வழி கண்டார்கள். மண்டையோட்டில் சிறு துளைகள் போட்டு, மெல்லிய மின்முனைகளை ஆழத்துக்கு இறக்கும் முறை அது. நோயாளி அந்தக் கம்பிகளோடு நாள்கணக்கில் படுத்திருக்க வேண்டும். மருந்தைக் குறைத்து வலிப்புக்காகக் காத்திருப்பார்கள். ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு ரத்தக்கசிவு ஏற்படலாம்.

இத்தனைக்குப் பிறகும் உள்கம்பி எல்லாம் அறிந்ததல்ல என்பதுதான் வேடிக்கை. தன்னைச் சுற்றிச் சில மில்லிமீட்டரில் நடப்பதைத் துல்லியமாகச் சொல்லும். இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நடப்பது தெரியாமலே போகலாம். கம்பி இல்லாத இடத்தில் பிறந்த வலிப்பு பரவி வந்து கம்பியைத் தொட்டால், அங்கேயே பிறந்ததுபோல ஏமாற்றும். அதனால்தான் அனுபவசாலிகள் உள்ளே கம்பி இறக்கிய பிறகும் தலைத்தோலில் சில மின்முனைகளை விட்டுவைக்கிறார்கள். நோயாளியின் கை துடித்த பிறகோ தோல்பதிவு மாறிய பிறகோ உள்பதிவு விழித்துக்கொண்டால், கம்பி தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள். மங்கலான சாட்சி, கூர்மையான சாட்சியைக் காட்டிக்கொடுக்கும் தருணம் அது.

தோல்பதிவின் மௌனத்துக்கு வேறொரு சான்று பாஸ்டனிலிருந்து 2017இல் வந்தது. வலிப்பு வந்ததாக வரலாறே இல்லாத அல்ஸைமர் நோயாளிகள் இருவருக்கு, மண்டையோட்டின் அடியில் இயற்கையாகவே உள்ள துவாரம் வழியே மின்முனை செலுத்திப் பார்த்தார்கள். தூக்கத்தில் ஹிப்போகேம்பஸில் வலிப்பு ஓடிக்கொண்டிருந்தது. தலைத்தோலில் ஒரு சலனமும் இல்லை.

அதற்காக எல்லார் தலையிலும் துளை போட முடியாது, போடவும் தேவையில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1995இல் வலிப்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட வழி சிக்கனமானது. எம்.ஆர்.ஐ. காட்டும் தழும்பும், வீடியோவோடு எடுத்த தோல்பதிவும், வலிப்பின்போது நோயாளி நடந்துகொள்ளும் விதமும் ஒரே இடத்தைச் சுட்டினால் உள்கம்பி இல்லாமலே அறுவை. ஒன்றுக்கொன்று முரண்பட்டாலோ, எம்.ஆர்.ஐ.யில் எதுவுமே தெரியாவிட்டாலோதான் அடுத்த படி. அப்போது கம்பிகளை எங்கே இறக்குவது என்று முடிவு செய்ய மருத்துவர்கள் மறுபடியும் விரித்துப் பார்ப்பது அந்தப் பழைய, மங்கலான தோல்பதிவைத்தான்.