கிளப்புக்காக மெஷினா, மெஷினுக்காகக் கிளப்பா?

சம்பளம் போட்ட மறுநாளே மளிகைக் கடையில் கடன் சொல்கிற வீடு நம்மிடையே இன்னும் இருக்கிறது. முன்பு கள்ளும் சாராயமும் பறித்ததை இன்று சூதாட்ட மெஷினும் பங்கு போட்டுக்கொள்கிறது.

“அதிர்ஷ்டம் இருந்தா அடிக்கும்” என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமே! ஒரு வெள்ளிக்கு 90 காசைத் திருப்பித் தரும் மெஷின் என்றே வைத்துக்கொள்வோம். தடவைக்கு ஒரு வெள்ளியாக, மணிக்கு 500 தடவை பொத்தானைத் தட்டினால் சராசரியாக 50 வெள்ளி போய்விடும். 2025இல் நடைமுறைக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏறக்குறைய 65 வெள்ளிதான். நாள் முழுதும் வெயிலில் குலை வெட்டிய கூலியில் முக்கால் பங்கு ஒரு மணி நேரத்தில் காலி! நடுவில் நூறு இருநூறு விழும். அதையும் திரும்ப அதிலேயே போட வைப்பதுதான் மெஷினின் சாமர்த்தியம்.

சட்டம் இல்லாமல் இல்லை. நிதியமைச்சின் உரிமம் பெற்ற கிளப் மெஷின் வைக்கலாம். உரிமமின்றிச் சூதாட்ட மெஷின்களை நடத்துவோருக்கு, 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டப்படி, மெஷின் ஒன்றுக்கு 10,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. அந்த இடத்தில் ஆடப் போனவனுக்கும் 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஆனால் அந்த 5,000 வெள்ளி யார் வீட்டுச் சோற்றுப் பானையிலிருந்து போகிறது? தண்டனை தேவைதான். அதற்கு முன்பே ஒரு வேலி வேண்டாமா?

பக்கத்துச் சிங்கப்பூரைப் பாருங்கள். உறுப்பினரின் பொழுதுபோக்குக்காகக் கிளப் என்பது போய், மெஷினுக்காகவே கிளப் என்று ஆகிவிட்டதைக் கண்டு, அந்த அரசு 2017இல் விதிகளை இறுக்குவதாக அறிவித்தது. 2018இல் மெஷின் அறைக்குள் நுழையும் வயது 18இலிருந்து 21 ஆனது. காலை 10 முதல் இரவு 11 வரைதான் ஆடலாம் என்ற வரம்பும் வந்தது. வேறு நடவடிக்கை எதுவுமின்றி மெஷினை மட்டும் நம்பியிருந்த கிளப்புகள் அவற்றைக் கைவிட வேண்டியதாயிற்று. இன்று அங்கே, “என்னை உள்ளே விடாதீர்கள்” என்று ஆடுபவரே எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்தாரும் விண்ணப்பித்துத் தடை வாங்கலாம்.

இந்தக் கடைசி விதியைத்தான் நாம் இங்கேயும் கேட்கிறோம். மெஷினை எண்ணத் தெரிந்த சட்டத்துக்கு, வீட்டுக்காரியின் கண்ணீரும் கணக்கில் வர வேண்டும். மனைவியோ தாயோ மனுப் போட்டால் கதவை அடைக்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாகவே வையுங்கள். திருட்டுத்தனமாக நடக்கும் கடைகளில் கல்லாவில் உட்கார்ந்த பையனோடு நிறுத்திவிடாமல், மெஷினுக்குச் சொந்தக்காரனைக் கூண்டில் ஏற்றுங்கள்.

தோழர்களே, சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை சம்பளக் கவரைப் பிரிக்காமல் வீட்டில் கொடுப்போம். அந்த வேலியைப் போட யாருடைய உரிமமும் தேவையில்லை.