ஹூ, விச் – எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது?



க.பொ.த. சாதாரண தர ஆங்கிலப் பாடத்துக்கு ஆயத்தமாகும் உங்களில் பலருடைய கொப்பிகளில் ஒரு சூத்திரம் கட்டம் போட்டு எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறேன். "ஹூ, விச், தெட் ஆகியவற்றையும் அவற்றின் பின் வரும் இஸ், ஆர், வோஸ், வேர் ஆகியவற்றையும் வெட்டினால் வாக்கியம் சுருங்கும்" என்பதே அது. சூத்திரம் பிழையில்லை. ஆனால் அதை மட்டும் மனனம் செய்துகொண்டு பரீட்சை மண்டபத்துக்குள் போவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கே வெட்டக்கூடாது என்பதும், வேறொருவர் வெட்டி வைத்ததை எப்படி வாசிப்பது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இவற்றுள் வாசிக்கத் தெரிவதே முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில், இது உங்களுக்கு முற்றிலும் புதிய விடயம் அல்ல. தமிழ்ப் பாடத்தில் பெயரெச்சம் படித்திருக்கிறீர்கள். "கொழுந்து பறிக்கும் பெண்கள்" என்கிறோம். இதில் ஹூ என்பதற்கு இணையான ஒரு சொல்லும் இல்லை. ஆங்கிலத்தில் "த விமின் ஹூ ஆர் பிளக்கிங் டீ" என்பதைச் சுருக்கினால் "த விமின் பிளக்கிங் டீ" என்று வருகிறது. அதாவது, ஆங்கிலம் சுருங்கும்போது தமிழுக்கு அருகில் வருகிறது. தமிழில் எச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும். ஆங்கிலத்தில் பின்னால் நிற்கும். அவ்வளவுதான்.

செயப்பாட்டு வினையிலும் இப்படியே. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம் 1921 இல் கட்டி முடிக்கப்பட்டது. "த பிரிட்ஜ் விச் வோஸ் பில்ட் இன் 1921" என்பது "த பிரிட்ஜ் பில்ட் இன் 1921" ஆகும். தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையைத் தோமஸ் லிப்டன் 1890 இல் கட்டினார். "த ஃபெக்டரி பில்ட் பை லிப்டன்" என்று எழுதலாம். "த ஃபெக்டரி விச் லிப்டன் பில்ட்" என்றிருந்தால் விச்சை மட்டும் எடுத்துவிட்டு "த ஃபெக்டரி லிப்டன் பில்ட்" என்றும் எழுதலாம். ஆனால் "லிப்டன், ஹூ பில்ட் த ஃபெக்டரி" என்பதில் ஹூவை எடுக்க முடியாது. எடுத்தால் "லிப்டன் தொழிற்சாலையைக் கட்டினார்" என்ற முழு வாக்கியமாகிவிடும்.

இங்கேதான் தமிழ் நம்மை ஏமாற்றுகிறது. "லிப்டன் கட்டிய தொழிற்சாலை", "தொழிற்சாலையைக் கட்டிய லிப்டன்" இரண்டிலும் "கட்டிய" என்ற ஒரே சொல்தான். ஆங்கிலம் அப்படி அல்ல. செயலைச் செய்தவர் யார், செயலுக்கு உட்பட்டது எது என்று அது பிரித்துப் பார்க்கும்.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு நிகழ்வை எடுப்போம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டு லயங்கள் புதையுண்டன. "த ஹவுசஸ் விச் வேர் பெரிட் இன் 2014" என்பதை "த ஹவுசஸ் பெரிட் இன் 2014" என்று சுருக்கலாம், வீடுகள் புதைக்கப்பட்டன. அதே முறையில் "த லேண்ட்ஸ்லைட் விச் ஹெப்பன்ட் இன் 2014" என்பதை "த லேண்ட்ஸ்லைட் ஹெப்பன்ட் இன் 2014" என்று சுருக்கிவிட்டு, மேற்கொண்டு எழுதிக்கொண்டு போகிறீர்கள். இது பிழை. மண்சரிவு தானாக நிகழ்ந்தது. அதை யாரும் நிகழ்த்தவில்லை. ஹெப்பன்ட், கேம், வென்ட், டைட், ஃபெல் போன்றவை வந்தால் ஹூ, விச்சைத் தொடாதீர்கள். "நேற்று வந்த மாமா" என்று தமிழில் வாய்க்கு எளிதாக வருகிறதே என்று "த அங்கிள் கேம் யெஸ்டர்டே இஸ் எ டிரைவர்" என்று எழுதினால் ஒரே வாக்கியத்தில் இரண்டு பயனிலைகள் மோதும்.

இனி வாசிப்புக்கு வருவோம். கிரகித்தல் பகுதியில் இப்படி ஒரு வரி வரலாம்: "த ஃபெமிலீஸ் டோல்ட் டு லீவ் வென்ட் டு த ஸ்கூல்." அவசரமாக வாசிப்பவர் "குடும்பங்கள் வெளியேறச் சொன்னார்கள்" என்று விளங்கிக்கொள்வார். உண்மையில் குடும்பங்கள் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை; அவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது. வெளியேறும்படி சொல்லப்பட்ட குடும்பங்கள் பாடசாலைக்குச் சென்றன என்பதே பொருள். கிவ்ன் என்று வந்தால் தப்பிக்கலாம், ஏனென்றால் கேவ் வேறு, கிவ்ன் வேறு. டோல்ட், ஆஸ்க்ட், பில்ட் போன்றவற்றில் இரண்டு வடிவமும் ஒன்றுதான். ஆகவே, இரண்டாவது வினை ஒன்று பின்னால் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதுவே பெரும்பாலும் பயனிலை, முதலாவது எச்சம்.

இதைப் புள்ளிக்காக மட்டும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் வரும் அத்தகைய அறிவித்தலில் "பீப்பிள் லிவிங் பிலோ த ஸ்லோப் ஆர் ஆஸ்க்ட் டு லீவ்" என்றிருந்தால், யார் போக வேண்டும், யார் போகச் சொல்கிறார் என்பதை லயத்தில் ஒருவராவது சரியாக வாசித்துச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அந்த ஒருவர் நீங்கள்தான்.

கட்டுரையில் கட்டாயம் சுருக்கித்தான் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். தேவையில்லை. சுருக்கினால்தான் நல்ல ஆங்கிலம் என்ற எண்ணம் ரியூசன் வகுப்புகளில் பரவியிருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. ஹூவோடு சரியாக எழுதிய நீண்ட வாக்கியம், பிழையாகச் சுருக்கிய வாக்கியத்தைவிட மேலானது. சந்தேகம் வந்தால் நீட்டியே எழுதுங்கள்.

கீழே மூன்று தொடர்கள் உள்ளன. இவற்றில் ஒன்று சுருங்காது. எது, ஏன் என்று உங்கள் கொப்பியில் தமிழிலேயே ஒரு வரி எழுதிவிட்டு வகுப்புக்கு வாருங்கள்.

த ட்ரெய்ன் விச் இஸ் கோயிங் டு பதுளை.
த ட்ரீ விச் ஃபெல் ஒன் த ரோட்.
த லெட்டர் விச் வோஸ் ரிட்டன் பை மை சிஸ்டர்.