நம்பர் வண்டிக்குத்தான், டிரைவருக்கு இல்லீங்க!

செட்டிங்ஸ்ல போயி ஐபி அட்ரஸ் பாக்கத் தெரிஞ்சவங்க எல்லாம் சைபர் கிரைம் போலீஸ் ஆயிட்டாங்க மக்களே. அதுக்குத்தான் இந்தப் பொலம்பல்.

சங்ககிரி பக்கம் நமக்குத் தெரிஞ்ச லாரி புக்கிங் ஆபீஸ். போன வாரம் வாடகை ரேட் லிஸ்ட் வெளிய போயிடுச்சு. ரூட்டர்ல பாத்தா, அன்னிக்கு அனுப்புன கம்ப்யூட்டர் 192.168.1.7. மறுநாள் முதலாளி ஒவ்வொரு கம்ப்யூட்டரா செட்டிங்ஸ், நெட்வொர்க், ப்ராப்பர்ட்டீஸ்னு போயி ஐபிவி4 அட்ரஸைத் தேடுனாரு. கடைசி சீட்டுப் பையன்கிட்ட 7. "நீதான்டா!" அன்னிக்கே சீட்டைக் கிழிச்சாச்சு.

ஏனுங்க, அந்த 7 குத்தகை நம்பருங்க! ரூட்டர் தானா பிரிச்சுக் குடுக்கறது. குத்தகை முடிஞ்சா நேத்து ஒருத்தருக்கு, இன்னிக்கு வேறொருத்தருக்கு. அதுவும் 192.168-ன்னு ஆரம்பிக்கறது நம்மூர் கடைவீதி மாதிரி. சேலத்துலயும் கடைவீதி உண்டு, ராசிபுரத்துலயும் உண்டு. உள்ளூர்லதான் அதுக்கு அர்த்தம்.

வெளிய தெரியற அட்ரஸ் வேற. அதுவும் ஆளைக் காட்டாது. ஐபிவி4-ல மொத்தமே சுமார் 430 கோடி நம்பர். பத்தாததால, செல்போன் கம்பெனிங்க ஒரே நம்பருக்குப் பின்னாடி பலபேரை நிறுத்தி வைக்கறாங்க. நேரமும் போர்ட் நம்பரும் துல்லியமா இருந்தாத்தான் எந்த இணைப்புன்னாவது தெரியும்.

"போலீஸே இதை வெச்சுத்தானே புடிக்குது?"ன்னு கேப்பீங்க. புடிக்குது. 2007-ல பெங்களூரு ஐடி இளைஞர் ஒருத்தரை, ஆர்குட்ல சிவாஜியை இழிவுபடுத்துனதா (சத்ரபதிங்க, நடிகர் திலகம் இல்ல) புனே போலீஸ் அள்ளிட்டுப் போச்சு. கடைசியில பாத்தா ஐபி அட்ரஸ் விவரமே தப்பு. பாவம், 50 நாள் ஜெயில்!

துப்பு வேற, தீர்ப்பு வேற சாமி. டிஎன் 28 வண்டி ஒண்ணு குவாஹாத்தியில மோதுச்சுன்னா, நம்பரை வெச்சு நாமக்கல் ஓனரைக் கண்டுபுடிக்கலாம். ஸ்டீயரிங் புடிச்சது யாருன்னு தனியாத்தான் விசாரிக்கணும். லாரித் தொழில்லயே ஊறுன மனுசனுக்கு இதைச் சொல்லித் தரணுமா?

பையன் அனுப்பலைன்னு நான் சத்தியம் பண்ண வரலை. அனுப்புனான்னு சாட்சி சொல்ற யோக்கியதை அந்த 7-க்குக் கிடையாது, அவ்வளவுதான். எந்த கம்ப்யூட்டருக்கு எந்தத் தேதியில எந்த நம்பர், அப்ப அந்த சீட்ல யாருன்னு பாத்துட்டு அப்புறம் கை நீட்டுங்க. நம்பர் நாளைக்கே மாறிடும். "திருட்டுப்பய"ங்கற பேரு மாறாதுங்க.