நியாயமான பேரம்

மலாக்கா, விலை பேசியே வளர்ந்த துறைமுகம். சுல்தான்கள் காலத்தில் 10 அல்லது 20 வணிகர்கள் கப்பல் சரக்கின் உரிமையாளரோடு கூடி விலையை முடிவு செய்தனர். இதனைத் தோமே பிரேஸ் என்ற போர்த்துகீசியர் எழுதியுள்ளார். ஆகவே, பேரம் பேசுவது இழிவன்று.

ஆனால், இன்று நாம் யாரிடம் பேரம் பேசுகிறோம்? பேரங்காடியில் ஒட்டிய விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். காலைச் சந்தையில் கீரை விற்கும் பாட்டியிடமோ 50 சென்னுக்காக வாதாடுகிறோம். அவருடைய இலாபமே அவ்வளவாகத்தான் இருக்கும்.

ஜோங்கர் தெரு இரவுச் சந்தையில் நினைவுப்பொருள் வாங்கும்போது, சில கடைகளில் விலை விசாரித்தபின் பணிவாகப் பேரம் பேசலாம். மீதிப் பணத்தை அங்கேயே எண்ணிப் பார்க்க வேண்டும். இருவரும் மனநிறைவு பெறுவதே நியாயமான பேரம் என்பது என் கருத்து.