வேலிக்கும் ஒரு வரம்பு வேண்டும்

ஆவடிப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு அந்தக் காட்சி புதிதன்று. நெடுஞ்சுவர்! சுவரின்மேல் முள்வேலி! வேலிக்குள்ளே பாதுகாப்புத் துறையின் நிலம்! இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைத்தளமாகப் பெருகிய ஊர் அது. 1945-இல் போர் முடிந்தது, படை போய்விடவில்லை. 1955-இல் காங்கிரஸ் மாநாடு அங்கே கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் பேசிற்று; 1965-இல் அதே ஊர் ஆலையிலிருந்து விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது.

நாட்டுக்குக் காவல் வேண்டாமென்று சொல்லும் பேதைமை நமக்கில்லை. அந்த ஆலை, நம் தொழிலாளத் தோழர்களின் அடுப்பை எரியவைக்கும் ஆலை. நாம் கேட்பது வேறொரு கேள்வி: போருக்கென்று மக்களிடம் எடுத்த மண், போர் முடிந்தபின் யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டுச் சட்டம் ஒரு விடை கண்டது. அவசரத்துக்கு எடுத்துப் பயன்படுத்துவது வேறு, விலை கொடுத்து உரிமையாக்கிக்கொள்வது வேறு என்று அது பிரித்தது. முன்னது இரவல், பின்னது கிரயம். 1952-இல் இதற்கென நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. 1970-இல் இரவலுக்குக் காலவரம்பும் விதித்தது. அவ்வரம்பு பலமுறை நீட்டப்பட்டது உண்மையே. ஆயினும், பம்பாயில் 1951-இல் எடுத்த குடியிருப்பொன்றை முப்பதாண்டுகளுக்கு மேலாக விடாது வைத்திருந்த வழக்கில், 1984-இல் உச்சநீதிமன்றம் ஐயத்துக்கிடமின்றி உரைத்தது: தற்காலிகம் என்று எடுத்ததை முடிவின்றி வைத்திருப்பது முறையாகாது!

இந்த அளவுகோலைக் கையிலே எடுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூருக்கு வடக்கே, புழலுக்கு வாருங்கள். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 'அகதி' என்ற சொல் 2021-இல் முகாம்களின் பெயரிலிருந்து நீங்கியது. அவர்களுடைய நிலத்தைச் சுற்றிய வேலி நீங்கியதா?

1990-இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறினர். அம்மண் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2009 மே மாதம் போர் முடிந்தது. மண் திரும்பியதா? 2013-இல், 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தை அரசே எடுத்துக்கொள்ள அறிவிப்பு ஒட்டினார்கள்! இரவல் வாங்கியவன், கேட்கப் போனவனிடம் கிரயப் பத்திரத்தை நீட்டிய கதை இது.

மக்கள் வழக்காடினார்கள், தெருவில் அமர்ந்தார்கள். நிலம் தவணை தவணையாகத்தான் விடுபட்டது. 2017-இல் மயிலிட்டித் துறைமுகம் திரும்பியது. அதே ஆண்டு கேப்பாப்புலவில் பெண்கள் குழந்தைகளோடு முகாம் வாயிலில் இரவும் பகலும் அமர்ந்து தம் காணியைக் கேட்டனர்.

படை மட்டுமா? காகிதமும் நிலத்தைப் பறிக்கும்! 2025 மார்ச் 28-இல் கொழும்பில் ஓர் அரசிதழ் அறிவிப்பு வெளிவந்தது. வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை நாட்டவேண்டும். இல்லையேல் அது அரசுக்காம்! காணி உறுதி என்பார்கள் அவர்கள்; பத்திரம் என்போம் நாம். குண்டு விழுந்த வீட்டில் அது எங்கே பிழைத்திருக்கும்? புழலில் இருப்பவர் எந்தக் கப்பலேறி மூன்று மாதத்தில் முல்லைத்தீவு போய்ச் சேர்வார்? உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. நல்லது. ஆனால் ஓர் அறிவிப்பு போனால் மற்றொன்று வராதென்று யார் உறுதி தருவார்?

நியாயம் நம்மவருக்கு மட்டும் என்று கேட்டால் அது நியாயமாகாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் காணியும் இதே தராசில் நிற்கவேண்டும். தராசு ஒன்றே, மனிதருக்கு ஏற்ப எடைக்கல் மாறலாகாது.

இலங்கைச் சட்டமே ஒருமுறை இந்நெறியை ஒப்புக்கொண்டது. பிறர் நிலத்தைப் பத்தாண்டு தொடர்ந்து அனுபவித்தவர் உரிமை கோரலாம் என்பது அங்குள்ள பழைய விதி. போரினால் தம் நிலத்தை அணுக முடியாதிருந்தோருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடலாகாது என்று 2016-இல் தனிச்சட்டம் வந்தது. தனியாருக்கு ஆகாதது அரசுக்கு மட்டும் ஆகுமா?

50,000 வீடுகள் கட்டித்தரும் திட்டத்தை 2010-இல் இந்தியா அறிவித்தது. சுவர் எழுப்பத் தந்த கைக்கு, சுவரின் அடியிலுள்ள மண் யாருடையது என்று கேட்க உரிமை இல்லையா? தில்லி கேட்கவேண்டும், கேட்கும்படி நம் பிரதிநிதிகள் வற்புறுத்தவேண்டும்.

நமக்கும் பணி இருக்கிறது, தோழர்களே! முகாமுக்குச் செல்லுங்கள். முதியவர்களிடம் ஊர்ப்பெயரையும், காணியின் பெயரையும், நான்கெல்லையையும் கேட்டு எழுதுங்கள். மங்கிய உறுதி ஒன்று பெட்டியடியில் கிடந்தால் படியெடுத்துக் கொடுங்கள். அந்த முதியவர் கண்மூடினால், எல்லை அறிந்த கடைசிச் சாட்சியும் போய்விடும்.

போருக்கு எடுத்த மண் இரவல். இரவலுக்குத் திருப்பித்தரும் நாள் உண்டு. அந்த நாளைக் குறிக்காதவரை, துப்பாக்கி ஓய்ந்திருக்கலாம், போர் ஓயவில்லை!